நினைவகக் கசிவும் அதனைத் துருவியறியும் முறையும்

இராயபுரத்தினின்று திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நோக்கிக் கடலோரமாய்ச் செல்வார் எவரும் கன்டெய்னர் பெட்டிகளைக் காணாது செல்லுதல் அரிது. லாரிகளின்மேல் ஏறியும், வேலி சூழ்ந்த திடல்களில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டும் அவை நிற்கும். சென்னைத் துறைமுகத்தில் அவற்றிற்கெனத் தனித்துறை 1983-ஆம் ஆண்டில் அமைந்தது. அன்று தொட்டு வடசென்னையின் வாழ்வு இப்பெட்டிகளின் வரவையும் போக்கையும் பெரிதும் சார்ந்ததாயிற்று. பெட்டி வருதலை எல்லாரும் நோக்குவர். வணிகரும் தரகரும் அதற்கெனக் காத்திருப்பர். வெறும்பெட்டி திரும்பிச் செல்லுதலை நோக்குவார் சிலரே. ஆயினும் திரும்பிச் செல்லுதல் நின்றுவிடின் வருதலும் நின்றுவிடும். என்னை? திடலின் பரப்பு அளவுபட்டதாகலின்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டில் சுங்கத்துறையார் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைக் கைப்பற்றி, திருவொற்றியூரை அடுத்த மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் வைத்தனர். வழக்கு நடந்தது, ஆண்டுகள் கழிந்தன, பெட்டிகள் நின்றவிடத்தே நின்றன. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் லெபனான் நாட்டுப் பெய்ரூத்துத் துறைமுகத்தில், அவ்வாறே ஆண்டுக்கணக்காய்க் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி வந்த பின்னரே மணலிப் பெட்டிகளை நாடு நினைவுகூர்ந்தது. அம்மாதத்திலேயே அவை ஐதராபாத்துக்கு அனுப்பப்படலாயின. ஈண்டுக் களவு ஒன்றும் நிகழவில்லை. உள்ளே வந்தமைக்குக் கணக்கு உண்டு. வெளியே செல்லாமைக்கும் காரணம் உண்டு. ஆயின், அக்காரணம் தீர்ந்ததா என்று நாடோறும் கேட்பார்தாம் இலர்.

இதனையொத்த ஒரு குறை கணிப்பொறியினுள்ளும் நிகழ்கின்றது. அதனை நினைவகக் கசிவு என்பர். அதனை இவ்விதழில் தமிழ் மாணவராகிய யாம் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணம் கூறுதல் வேண்டும்.

எம் விடுதித் தோழருள் சிலர் கணிப்பொறியியல் பயில்வோர். அவர்தம் ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒரு பொறியில், வலையமைப்புப் பயிற்சி செய்யும் ஒவ்வொரு மாணவர்க்கும் ஒரு சிறு வலை தோன்றும். பயிற்சி முடிந்ததும் மறையும். சென்ற பருவத்தில், செய்முறைத் தேர்வு நாளன்று, அப்பொறி நடுவே நின்றது. மாணவர் பலருடைய விடைகள் அழிந்தன. பழியோ, அனைவரும் 'அண்ணா' என விளிக்கும் ஆய்வுக்கூட உதவியாளர்மேல் விழுந்தது. பொறியைச் சரிவரப் பேணவில்லை என்றனர். புதிய நினைவகம் வாங்கவேண்டும் என்று வேறு சிலர் கூறினர். தோழர்கள் அவ்விரண்டையும் ஏலாது, குறை யாண்டுள்ளது என்று துருவத் தொடங்கினர். அவர்கள் கற்றதை யாம் உடனிருந்து கேட்டறிந்தோம். அதனைப் பிற துறை மாணவரும் உணருமாறு தமிழில் உரைப்பதே எம் கருத்து.

முதற்கண் நினைவகம் என்பது யாதெனக் காண்போம். கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுதியை நிரல் என்பர். நிரல் ஓடுங்கால் அதற்கு வேலைசெய்ய இடம் வேண்டும். அவ்விடமே நினைவகம். இவ்விடத்தைப் பங்கிட்டளிக்கும் தலைமை நிரல் கெர்னல் எனப்படும். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலே இற்றைநாள் சேவைப்பொறிகளுள் பெரும்பாலானவற்றை நடத்துவது. அது பெரிதும் சி என்னும் மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் இடம் கேட்டுப் பெறுதலும், வேலை முடிந்தபின் திருப்பியளித்தலும் எழுதுவோன் கடமை. பெற்றதைத் திருப்பியளிக்க மறந்தவிடத்துக் கசிவு பிறக்கும். நீர்க்குடத்தின் கசிவில் நீர் வெளியே போகும். நினைவகக் கசிவிலோ ஒன்றும் வெளியே போவதில்லை. உள்ளிருந்தும் எவர்க்கும் பயன்படாது கிடத்தலே ஈண்டுக் கசிவு.

சாதாரண நிரல் ஒன்று கசியுமாயின் அஃது அத்துணைப் பெருங்கேடு அன்று. அந்நிரல் முடிந்தவுடன் அது பெற்ற இடம் முழுதையும் கெர்னல் மீட்டுக்கொள்ளும். கெர்னலே கசியுமாயின் மீட்பார் யார்? பொறியை நிறுத்தி மீளத் தொடங்குதல் ஒன்றே வழி. ஆகவே கெர்னலின் கசிவே மிகவும் அஞ்சத்தக்கது.

இனி, மெய்ந்நிகர் வலை இடைமுகம் என்பது யாது? ஒரு கணிப்பொறி வலையோடு இணைவதற்குக் கம்பி செருகும் ஒரு வாயில் உண்டு. கெர்னல் அதனை ஓர் இடைமுகமாகக் கருதி, அதற்கு ஒரு பெயரும் ஓர் எண்ணும் இட்டு நடத்தும். கம்பியும் கருவியும் இன்றியே அத்தகைய வாயிலைக் கெர்னல் தன்னுள் படைத்துக்கொள்ளவும் கூடும். அதுவே மெய்ந்நிகர் இடைமுகம். அவற்றுள் வெத் எனப்படும் வகை எப்போதும் இணையாகவே பிறக்கும். ஒரு முனையில் இட்ட செய்தி மறுமுனையில் வெளிப்படும். ஒரு முனையை அழித்தால் மறுமுனையும் அழியும். இதனோடு பெயர்வெளி என்னும் மற்றொன்றும் அறியத்தக்கது. ஒரே பொறியினுள் பல தனி வலைகள் ஒன்றையொன்று காணாது வாழுமாறு இட்ட தடுப்புச்சுவர் போன்றது அது. 2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பு முதல் இவ்விரண்டும் கெர்னலில் உள்ளன.

2013-ஆம் ஆண்டில் டாக்கர் என்னும் மென்பொருள் வெளிவந்தது. ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய பிறவற்றையும் ஒரு கட்டாய்க் கட்டி எவ்விடத்தும் ஓடச்செய்யும் முறையை அது பரப்பிற்று. அக்கட்டிற்குக் கன்டெய்னர் என்பதே பெயர். துறைமுகப் பெட்டியினின்று இரவல் பெற்ற பெயர் அது. டாக்கரின் சின்னமும் பெட்டிகளைச் சுமந்து நீந்தும் ஒரு திமிங்கிலமே. இத்தகைய கன்டெய்னர் ஒன்று பிறக்குந்தோறும் பெரும்பாலும் ஒரு பெயர்வெளியும் ஒரு வெத் இணையும் பிறக்கும். அது மடியுந்தோறும் இவையும் மடிதல் வேண்டும். முற்காலத்தில் ஒரு பொறியில் இடைமுகம் படைத்தல் ஆண்டிற்கு ஒருமுறை நிகழும் செயல். இன்றோ ஒரு நாளில் பல்லாயிரம் முறை நிகழ்கின்றது. அன்று எவர் கண்ணிலும் படாத சிறு கசிவு இன்று பெருங்கேடாய் முடிவது இதனாலேயே.

ஓர் இடைமுகம் என்றால் ஒரு பொருள் என்று எண்ணற்க. அதனோடு செய்தி வரிசைகளும், செயலி ஒவ்வொன்றிற்கும் தனித்தனியான வரவு செலவு எண்ணிக்கைகளும், முகவரிகளும், வழிப்பட்டியலும், அண்டை அயலாரின் அட்டவணையும், அமைப்புக் கோப்புகளும் உடன்தோன்றும். அழிக்குங்கால் இவை அனைத்தும் ஒன்றுவிடாது நீங்கவேண்டும். ஒருமுறைக்கு 4 கிலோபைட் மட்டும் எஞ்சுவதாகக் கொள்வோம். நொடிக்கு ஒருமுறை படைத்தழித்தால், ஒரு நாளின் 86,400 நொடிகளில் 3,45,600 கிலோபைட், அஃதாவது 337.5 மெகாபைட் எஞ்சும். இருபத்துநான்கு நாட்களில் ஏறத்தாழ 8 கிகாபைட் கொண்ட பொறி முழுதும் தீர்ந்துவிடும்.

நிற்க. நினைவகம் குறைந்தது கண்டவுடனே கசிவு என்று கூவுதல் தவறு. கசிவு போலத் தோன்றிக் கசிவல்லாதன மூன்று உண்டு.

முதலாவது சேமிப்பு. கோப்புகளின் பெயர்களைத் தேடுந்தோறும், மீண்டும் தேவைப்படலாம் எனக் கருதிக் கெர்னல் அவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும். இடைமுகம் ஒவ்வொன்றிற்கும் அமைப்புக் கோப்புகள் தோன்றுதலால், அவற்றைப் பார்வையிடும் நிரல்கள் உளவாயின் டென்ட்ரி என்னும் பெயர்க்குறிப்புகள் பெருகும். இவை நெருக்கடி நேரின் தாமே விலகி இடந்தரும், ஆதலின் கசிவல்ல. சோதனைப் பொறியில் டிராப் கேச்சஸ் என்னும் அமைப்பில் 2 என்று எழுதினால் இவை நீங்கும். நீங்கியபின் இடம் திரும்பியதாயின் கவலை வேண்டா.

இரண்டாவது தாமதம். துறைமுக வாயிலை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசையாய் நின்ற காட்சியை எண்ணூர் நெடுஞ்சாலையார் அறிவர். அவ்வரிசையில் நிற்கும் பெட்டி காணாமற்போன பெட்டியன்று. முறை வந்தவுடன் அது செல்லும். கெர்னலும் பெயர்வெளியை உடனே அழிப்பதில்லை. பின்னணியில் உழைக்கும் ஒரு பணியாளிடம் ஒப்புவிக்கும். மேலும், ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருப்போர் அனைவரும் பார்த்து முடியும்வரை அதனை அழிக்கலாகாது என்னும் விதி ஒன்று உண்டு. அவ்விதிக்கு ஆர்.சி.யு. என்று பெயர். ஆகவே படைக்கும் விரைவு அழிக்கும் விரைவினும் மிகுமாயின் வரிசை நீளும், நினைவகம் குறையும். படைத்தலை நிறுத்திச் சிறிது பொறுத்திருந்தால் வரிசை கரையும்.

மூன்றாவது இடைவெளி. கெர்னல் ஒத்த அளவுள்ள பொருள்களை ஒரே பக்கத்தில் அடுக்கிவைக்கும். அவ்வடுக்கிற்கு ஸ்லாப் என்று பெயர். ஓர் அடுக்கில் முப்பது பொருள்கள் இருந்து இருபத்தொன்பது நீங்கினும், எஞ்சிய ஒன்று அப்பக்கம் முழுதையும் பற்றிக்கொண்டிருக்கும். இஃது ஓர் எல்லை வரை வளர்ந்து நின்றுவிடும். கசிவோ நில்லாது வளரும்.

இம்மூன்றையும் விலக்கியபின் எஞ்சுவதே கசிவு. அதனைத் தெளியும் முறை எளிது. பொறுமையே அதற்கு வேண்டுவது. முதலில், வேறு வேலையில்லாத ஒரு பொறியில் நினைவகக் கணக்கைக் குறித்துக்கொள்க. பின்னர் ஆயிரம் வெத் இணைகளை ஒவ்வொன்றாய்ப் படைத்து அழிக்க. நிறுத்திச் சில நிமிடம் பொறுத்துச் சேமிப்பை நீக்கி, மீண்டும் கணக்கைக் குறிக்க. இவ்வாறு நான்கைந்து சுற்றுச் செய்க. முதற் சுற்றில் தோன்றும் உயர்வைப் பொருட்படுத்தற்க. புதுவீடு புகுவார் முதல்நாள் பாத்திரம் வாங்குதல் போன்றது அது. இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுகளில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக உயர்ந்துகொண்டு செல்லின் அது கசிவே. அவ்வுயர்வை ஆயிரத்தால் வகுத்தால் ஒருமுறைக்கு எத்துணை எஞ்சுகின்றது என்பதும் விளங்கும். அவ்வெண்ணே பலகால் குற்றவாளியின் உருவளவைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கசிவு யார் கையில் என்று காணவேண்டும். லினக்ஸில் மெம்இன்ஃபோ என்னும் கோப்பு மொத்தக் கணக்கைத் தரும். அதில் எஸ்அன்ரீக்ளெய்ம் என்ற வரி கெர்னல் மீட்டுக்கொள்ள இயலாத அடுக்குகளின் அளவு. பெர்சிபியு என்ற வரி செயலிதோறும் வைத்த எண்ணிக்கைகளின் அளவு. இவை உயர்ந்தால் கண்ணைக் கெர்னல்மேல் வைக்க. இவை உயராது ஏதேனும் ஒரு நிரலின் அளவு மட்டும் உயர்ந்தால் அந்நிரலை ஆராய்க. ஸ்லாப்இன்ஃபோ என்னும் மற்றொரு கோப்பு எவ்வகைப் பொருள் எத்துணை உள்ளது என்று பெயர் கூறி உரைக்கும். அதில் நெட் நேம்ஸ்பேஸ் என்ற வரி, பெயர்வெளிகள் இன்னும் எத்துணை உயிரோடுள்ளன என்பதைக் காட்டும். ஒத்த அளவின அடுக்குகளைக் கெர்னல் ஒன்றாய்ச் சேர்த்துவிடுதலும் உண்டு. சேர்க்காதவாறு தொடக்கத்திலேயே பணிக்கலாம்.

இவ்வாறு தேடுங்கால் குற்றம் மூன்றிடங்களுள் ஒன்றில் அகப்படும்.

முதலிடம், கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்கள். இடைமுகம் பிறக்கும்போதும் இறக்கும்போதும் கெர்னல் நெட்லிங்க் என்னும் வழியாக அறிவிப்பு விடுக்கும். வலையைக் கண்காணிக்கும் நிரல்கள் பிறப்பறிவிப்புக் கேட்டவுடன் தம் பேரேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும். இறப்பறிவிப்புக் கேட்டு அதனை அடித்தல் வேண்டும். சில நிரல்கள் அடிக்க மறக்கும். இடைமுகத்தின் பெயர் மீண்டும் வரலாம். அதன் எண்ணோ புதிது புதிதாய் உயர்ந்துகொண்டே செல்லும். ஆதலின் எண்ணைக் கொண்டு எழுதும் பேரேடு ஓயாது நீளும். வேறு சில நிரல்கள் மறப்பதில்லை; ஆயின் அறிவிப்புகள் மிக விரைவாய் வந்து குவியுங்கால் ஏற்கும் பெட்டி நிரம்பி, சில அறிவிப்புகள் கைநழுவிப்போம். நழுவியது இறப்பறிவிப்பாயின் செத்தவனுக்கும் குடும்ப அட்டை வழங்கியவாறு முடியும். பெட்டி நிரம்பியது என்ற பிழை வந்தவுடன், கெர்னலிடம் முழுப்பட்டியலையும் மறுபடி கேட்டுத் திருத்திக்கொள்வதே நன்னிரலின் இயல்பு. இவ்வகைக் கசிவை அறிய வால்கிரைண்ட் முதலிய கருவிகள் உதவும்.

இரண்டாமிடம், அழிக்கப்படாமலே அழிந்ததாகக் கருதப்பட்டவை. பெயர்வெளிக்குப் பெயரிட்டு வைத்தால், அப்பெயர் நெட்என்எஸ் என்னும் அடைவில் உள்ளவரை அது மடியாது. அதனுள் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருப்பினும், வெளியே ஒரு நிரல் அதனைத் திறந்து பற்றிக்கொண்டிருப்பினும் மடியாது. ஐபி லிங்க் என்னும் கட்டளையால் இடைமுகங்களையும், எல்எஸ்என்எஸ் என்னும் கட்டளையால் பெயர்வெளிகளையும், நெட்என்எஸ் அடைவில் எஞ்சிய பெயர்களையும் எண்ணுக. எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் மிகுமாயின் கெர்னல் குற்றமற்றது. யாரோ கதவைச் சாத்தாது சென்றிருக்கின்றனர்.

மூன்றாமிடமே கெர்னல். இடைமுகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பகுதியும் அதனைப் பற்றுங்கால் ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். விடுங்கால் ஒன்று குறைக்கும். எண்ணிக்கை பூச்சியம் ஆனாலன்றி இடைமுகத்தை அழித்தல் முடிவுறாது. கூட்டியோர் எவரேனும் குறைக்க மறப்பின் கெர்னல் காத்துக்கொண்டே இருக்கும். பத்து நொடிக்கு ஒருமுறை, இன்ன இடைமுகம் விடுபடுதற்குக் காத்திருக்கின்றேன், பற்றுக்கணக்கு இத்துணை என்று பதிவேட்டில் எழுதும். டாக்கர் பரவிய பின்னர், 2014-ஆம் ஆண்டு முதல், இவ்வறிக்கையைக் கண்டு தவித்தவர் உலகெங்கும் மிகப் பலர். சிலருடைய பொறிகளில் புதிய கன்டெய்னர் ஒன்றும் தொடங்காது எல்லாம் திகைத்து நின்றன. ஒரே அறிக்கை தோன்றினும் காரணம் ஒன்றன்று; வெவ்வேறு பகுதிகளின் வெவ்வேறு மறதிகள் இவ்வொரே வாய்வழிப் பேசின. எண்ணிக்கை மூன்று என்றால், மூவர் பற்றியுளர் என்பது விளங்குமேயன்றி அம்மூவர் யாவர் என்பது விளங்காது. மணலிப் பெட்டிகளின் நிலையும் இதுவே அன்றோ?

இவ்விடர் நீக்கவே 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 5.17 பதிப்பில் பற்றுக்கண்காணிப்பு என்னும் ஏற்பாடு சேர்ந்தது. எரிக் டூமாஸே என்பார் அதனை இயற்றினார். அதன்படி, பற்றுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு சீட்டு வழங்கப்படும். பற்றிய இடமும் அதில் குறிக்கப்படும். விடுவோர் தம் சீட்டைத் திருப்பித் தரவேண்டும். திரும்பாத சீட்டு யாருடையது என்று பார்த்தால் மறந்தவர் வெளிப்படுவர். வெறும் எண்ணிக்கைக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எண்ணிக்கை குறையுண்மையை மட்டும் கூறும். சீட்டோ குறையுடையாரையும் கூறும்.

பற்றுக்கணக்கின்றி, முகவரியே தொலைந்து கிடக்கும் பொருள்களைத் தேடுதற்கு வேறொரு கருவி உண்டு. கேட்லின் மரினாஸ் என்பார் இயற்றிய கேமெம்லீக் 2009-ஆம் ஆண்டில் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் இடம்பெற்றது. கெர்னல் வழங்கிய ஒவ்வோர் இடத்தையும் அது குறித்துக்கொள்ளும். பின்னர்ப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நினைவகத்தைத் துழாவி, அவ்விடத்தின் முகவரி எங்கேனும் எழுதப்பட்டுளதா என்று நோக்கும். எங்கும் எழுதப்படாத இடம் கேட்பாரற்ற இடம். அதனைப் பெற்றவர் யார் என்று அழைப்பு வரிசையோடு அறிவிக்கும். எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பயன் தீர்ந்த பொருளின் முகவரி ஏதோ ஒரு பட்டியலில் இருந்துவிடின், இக்கருவி அதனைக் கசிவென்று கூறாது. பொறியின் விரைவையும் இது குறைக்கும். ஆதலின் சோதனைப் பொறியில் மட்டும் இயக்குதல் நன்று.

குற்றமுள்ள பகுதி இன்னதென்று தெரியாவிடத்துச் செயலைக் கூறுகூறாய்ப் பிரித்துச் சோதிக்கவேண்டும். முதலில் வெறுமனே படைத்தழித்துப் பார்க்க. அதில் கசிவில்லையேல் முகவரி இட்டுப் பார்க்க. பின்னர்ச் செய்தி அனுப்பிப் பார்க்க. பின்னர்ப் பாலத்தோடு இணைத்துப் பார்க்க. பின்னர்த் தடுப்பு விதிகள் சேர்த்துப் பார்க்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. எதனைச் சேர்த்தபோது கசிவு தோன்றியதோ அதன் பக்கம் குற்றம் உண்டு. பழைய பதிப்பில் இல்லாத கசிவு புதிய பதிப்பில் உளதாயின், இடையிலுள்ள மாற்றங்களை நடுவே இரண்டாய்ப் பிரித்துச் சோதித்துக் கொண்டே செல்க. ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் பத்துச் சோதனைகளில் குற்றமுள்ள ஒன்று அகப்பட்டுவிடும்.

இனி எம் தோழர்பால் மீள்வோம். அவர்களுக்கு முதலில் கெர்னல்மேலேயே ஐயம். உலகறிந்த அறிக்கையைப் பற்றி அவர்கள் படித்திருந்தனர். அதனைத் தம் பொறியிலும் காண விழைந்தனர். மேற்கூறியவாறு சுற்றுச் சுற்றாய்ச் சோதித்ததில் வெறும் வெத் இணைகள் ஒரு துளியும் கசியவில்லை. அவ்வறிக்கையும் பதிவேட்டில் இல்லை. பின்னர் நெட்என்எஸ் அடைவைத் திறந்தபோது பழைய மாணவர்களுடைய பயிற்சிப் பெயர்கள் வரிசையாய் நின்றன. காரணம் விரைவில் விளங்கிற்று. பயிற்சிக்குரிய சிறு நிரலைத் தோழர்களே எழுதியிருந்தனர். பயிற்சியை இறுதிவரை செய்த மாணவருடைய வலை ஒழுங்காய் அழிந்தது. நடுவே சாளரத்தை மூடிச்சென்ற மாணவருடைய வலையோ, அழிக்கும் கட்டளையை நிரல் எட்டாமையால், உள்ளே ஓடும் சிறு சேவையோடு நின்றுவிட்டது.

அங்ஙனமாயின் இத்துணை நாளும் பொறி நின்றுபோகாமை ஏன்? ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலையில் அண்ணன் பொறியை நிறுத்தி மீளத் தொடங்கிவந்தார். யாரும் பணித்ததன்று, மந்தமாவதைக் கண்டு தாமே மேற்கொண்ட வழக்கம். தேர்வுக்கு முந்திய இரு சனிக்கிழமைகளும் விடுமுறையாயின. நினைவகம் தீர்ந்தவிடத்துக் கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்து நிறுத்தும். பெரும்பாலும் மிகுதியான இடத்தைக் கொண்டிருக்கும் நிரலையே அது தேரும். அன்று அவ்வாறு நிறுத்தப்பட்டது விடைகளைத் தாங்கிய நிரல். கசிவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பொறியினுள்ளும் வெளியிலும் ஒரே நீதி நடந்தது போலும்! குற்றம் செய்யாததே தண்டனை பெற்றது.

திருத்தம் இரு சிறு மாற்றங்களில் முடிந்தது. நிரல் எவ்வகையில் முடியினும், இறுதியாகத் துப்புரவு செய்தே வெளியேறுமாறு அமைத்தனர். அன்றியும், தொடங்குங்கால் முந்திய எச்சங்கள் உளவாயின் அவற்றை நீக்கித் தொடங்குமாறும் செய்தனர். இரண்டாவது ஏற்பாடு இன்றியமையாதது. ஏனெனில் மின்சாரம் நின்றுபோங்கால் எந்நிரலும் துப்புரவு செய்து வெளியேறாது. புதிய நினைவகம் வாங்கவேண்டி நேரவில்லை. பெரிய திடல் வாங்கினால் நிரம்பும் நாள் தள்ளிப்போகுமேயன்றி நிரம்பாதொழியாது. தோழர்கள் தம் பிழையைத் தாமே எழுதித் துறைத்தலைவரிடம் அளித்தனர். ஆய்வுக்கூடத்திற்குச் சென்று அண்ணனிடமும் கூறினர். மாணவர்க்கு மறுதேர்வு கிடைத்தது. அண்ணன் யாதும் கூறாது, சனிக்கிழமைதோறும் பொறியை நிறுத்திய நாட்களைக் குறித்துவைத்த சிறு குறிப்பேட்டை எடுத்துத் தந்தார். எம் தோழர்கள் பன்னாள் உழைத்துக் கண்ட உண்மைக்குரிய சான்று அதில் முன்னரே இருந்தது.

மீளத் தொடங்குதல் தீது என்று யாம் கூறவில்லை. நள்ளிரவில் நோயாளர் பதிவேட்டுப் பொறி நின்றுபோகுமாயின் முதலில் அதனை எழுப்புவதே அறம். ஆயின் எழுப்புமுன் கணக்கைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எழுப்பியபின் ஏன் நின்றது என்று கேட்டல் வேண்டும். கேளாது எழுப்புதல் பழகிவிடின் அப்பழக்கமே நோயை மறைக்கும் போர்வையாகும்.

நற்செய்தியில் எசமானன் தன் உக்கிராணக்காரனை அழைத்துக் கணக்குக் கேட்ட உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் யாம் பலமுறை கேட்டுளோம். பொருள் பெற்ற ஒவ்வொருவனும் ஒருநாள் கணக்குரைக்க வேண்டும் என்னும் கருத்து அதில் உண்டு. இடைமுகம் படைப்போர்க்கும் நூலகத்தில் புத்தகம் பெறுவோர்க்கும் அக்கருத்துப் பொதுவே. படைக்கும் கட்டளையை எழுதும்போதே அழிக்கும் கட்டளையையும் எழுதுக. நடுவே தடைப்பட்டால் என்னாகும் என்று எண்ணுக. குறை தோன்றியவிடத்து, அருகில் நிற்பவனைச் சுட்டாது, திரும்பாத சீட்டு யாருடையது என்று முதலில் எண்ணிப் பார்க்க. அச்சீட்டு நம் கையிலேயே இருத்தலும் கூடும்.